துருசு பூட்டுமுன்

என் மகனின் சிறுநீரகம் இரண்டும் பழுதானதற்குக் கொம்பனி மட்டும் காரணம் இல்லை. நானும்தான். வரட்டோ என்று கேட்டவனை வராதே என்று சொன்னவள் நான்.

மருமகள் கௌரிக்கு இது தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்...

ரூபன் அரபு நாட்டில் எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்தவன். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பான். முதலில் கௌரியோடு கதைப்பான், பிறகுதான் என்னோடு. அன்று அவள் கிளிநொச்சிச் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து எடுத்தான். அதுவே எனக்குச் சந்தேகம்.

“அம்மா, ஒப்பந்தம் முடியுது. வரட்டோ?”

“ஏனடா, வேலை இல்லையாமோ?”

“வேலை கூடிப்போச்சு. எண்ணெய்ப் புகையால பூமி சூடாகுதாம், இன்னும் கொஞ்ச வரியத்தில எண்ணெயை நிப்பாட்டப் போறம் எண்டு பெரிய நாடுகள் சொல்லிப்போட்டினம். நிப்பாட்ட முன்னம் எடுத்து வித்துப்போட வேணும் எண்டு முதலாளிமார் நிக்கினம். முந்தி மத்தியான வெயில் நேரம் எங்களுக்கு ஓய்வு தருவாங்கள். இப்ப அதுவும் இல்லை. சலமும் ஒழுங்காப் போகுதில்லை அம்மா.”

“பூமிச் சூட்டைக் குறைக்கவோ உன்னை வெயிலில நிப்பாட்டி வைச்சிருக்கினம்?”

சிரித்தான். பிறகு, “கௌரியிட்டக் கேட்டால் வா எண்டுதான் சொல்லுவாள். அதுதான் உங்களிட்டக் கேக்கிறன்” என்றான்.

நான் நம்பவில்லை. அவள்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல் சந்தைக்குப் போய்விட்டாள் என்று என் மனம் சொல்லிற்று. என் மனம் அப்படிப்பட்டது.

நாங்கள் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கிறவர்கள். மழை குறைந்த சிறுபோகத்தில், தண்ணீரைச் சேமிக்க வேண்டும், இன்ன கிழமை துருசை, அதுதான் குளத்து மதகை, பூட்டுவோம் என்று அறிவித்தல் வரும். துருசு பூட்டினால் வாய்க்காலில் சொட்டும் வராது. அறிவித்தல் வந்த அன்றே எல்லோரும் மண்வெட்டியோடு ஓடி, தேவையோ இல்லையோ, வயலை நிரப்புவோம். சேமிக்கச் சொன்னதால் குளம் முந்தி வற்றும்... நானும் ஓடியிருக்கிறேன். பிந்திப் போய்க் கருகிய பயிரையும் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தப் பயம்தான் பெரிய படிப்பு.

அந்தப் புத்தியில்தான் சொன்னேன்.

“பூட்டப் போறாங்கள் எண்டால் இப்பவோ விட்டிட்டு வாறது? எல்லாரும் அள்ளேக்க நீயும் அள்ளு. வெயில் இஞ்சயும்தானே எறிக்குது.”

“ஓம் அம்மா” என்றான்.

சிறுநீர் ஒழுங்காகப் போகவில்லை என்றானே... அதைக் கேட்ட காது எனக்கு எங்கே போயிற்று?

அடுத்த ஒப்பந்தம் முடியுமுன்னே முகமும் காலும் வீங்கி வந்து இறங்கினான். இப்போது கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் மெசினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். கடும் வெயிலில் நெடுநேரம் நின்று வேலை செய்ததால் வந்தது என்றார் டொக்டர்.

எண்ணெயை நிற்பாட்டுவோம் என்றவர்கள் நல்லதற்குத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால், நாள் குறித்துச் சொன்னால் வைத்திருக்கிறவன் அவசரப்பட்டு அள்ளுவான் என்று அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னார்களா? இப்படி அவர்களைச் சந்தேகிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கிறது. பிறகு அந்தச் சுகத்தின் மேலேயே சந்தேகம் வருகிறது. வராதே என்று அவனுக்குச் சொன்னது அவர்கள் இல்லையே.

நேற்றுக் காலை கௌரி அவனுக்கு மருந்து கொடுத்துக்கொண்டு நின்றாள். நான் குசினி வாசலில் நின்றேன்.

“முதல் ஒப்பந்தம் முடியவே வந்திருக்கலாம். ஏனப்பா வரேல்லை?”

“கொம்பனி விடேல்லை” என்றான். அதோடு நிற்கவில்லை. “அம்மாவுக்கும் தெரியும், கேட்டுப் பார்.”

கௌரி என் பக்கம் திரும்பினாள்.

“ஓம் பிள்ளை, விடேல்லைத்தான்” என்றேன்.

அவன் என்னைக் காப்பாற்றினானா? அல்லது அந்தப் பொய்யை என் வாயாலேயே சொல்ல வைத்தானா? நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ... அவனிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. மருந்துப் போத்தலை மூடாமல் கௌரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.