என் தட்டில் வளையம் இல்லை

இன்று லேபில் அவரவர் மூக்கிலிருந்து எடுத்துச் சின்னத் தட்டில் வளர்த்த கிருமிகளைப் பார்த்தோம். ஆன்டிபயாடிக் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்திருந்தால் அங்கே ஒரு வளையம் தெளிவாகத் தெரியும்.

என் தட்டில் நான்கு வில்லைகள். ஒன்றைச் சுற்றியும் வளையம் இல்லை.

மேடம் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பயப்படாத. அது மூக்குல சும்மா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது."

அந்த 'வரைக்கும்' பஸ்ஸிலும் கூடவே வந்தது. தொண்டை வேறு கரகரத்தது. லிங்கராஜபுரத்தில் இறங்கி மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன்.

கடை அண்ணா சிரித்தார். "இன்னாம்மா, போன வாட்டி மாதிரி ரெண்டு நாளைக்கு மட்டும் ஆன்டிபயாடிக் குடுக்கட்டா?"

டாக்டரிடம் போகிறேன் என்று திரும்பிவிட்டேன்.

உலக சுகாதார உயிரியல் பாடத்தில், மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று எழுதி வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியவள் நான்தான். மாத்திரையைக் கடைசி வரை சாப்பிட்டு முடித்தவர் உங்களில் ஒருவராவது உண்டா?