மருந்துச் சீட்டின் இரண்டாம் வரி

தொண்ணூறுகளில் கரமனை அக்ரகாரத்தில் கல்யாணச் சீர் முறுக்கு என்றால் எதிர்வீட்டு மாமிதான். ஆர்டர் பிடிப்பது மாமி, சுற்றுவது நான். அச்சில் பிழிகிற சோலியே கிடையாது. ஏழு சுற்று, ஒன்பது சுற்று என்று மாவை விரலாலேயே முறுக்கிக்கொண்டு போகவேண்டும். தரையில் வேட்டியை விரித்துக் காலை மடக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்க மத்தியானமாகும். அந்தக் கூலியில்தான் வீட்டு வாடகை போயிற்று. சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்தக்கடையில் கணக்கெழுதிய என் கணவரின் சம்பளம் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும்.

அப்படி உழைத்த முதுகுக்கு என்ன கேடோ, வலி பிடித்தது, வருஷக்கணக்கில் விடவில்லை. தைலம், கிழி ஒத்தடம், எக்ஸ்ரே, இடுப்பு பெல்ட், ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. டாக்டர் ஃபீஸைவிட ஆட்டோக்கூலி அதிகம். எங்கள் வீட்டுத் தோசைகூடத் தைலம் மணத்தது. முறுக்கு வேலைக்கும் போக முடியாமல் வாடகை பாக்கி விழுந்தது.

முதலில் இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு சிரிப்பும் நின்றது. காரணமில்லாமல் அழுகை வரும், தலைவாரத் தோன்றாது. ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு மாத்திரை எழுதினார். முதலாவது வலிக்கு, இரண்டாவது மனச்சோர்வுக்கு. ஒன்று மற்றதைப் பிடித்துவைத்திருக்கிறது, சேர்த்துச் சாப்பிட்டால்தான் இரண்டும் விடும் என்றார்.

நான்தான் பெரிய நிதிமந்திரியாயிற்றே! வலி போனால் துக்கம் இனாமாகப் போய்விடும், அதற்கெதற்குத் தனிச்செலவு? மருந்துச் சீட்டை முதல் வரியோடு மடித்துக் கடைக்காரரிடம் நீட்டுவேன். அவரும் கண்ணில் பட்ட வரிக்கு மட்டும் மருந்து கொடுப்பார். ஆறு மாசம் இப்படியே ஓடியது. வலி இம்மியும் குறையவில்லை. தைலக்குப்பிதான் இரண்டு கூடியது.

ஆனியிலேயே, ஆவணிக் கல்யாணங்களுக்கென்று பெரிய ஆர்டர் வந்தது. நான் வராவிட்டால் திருநெல்வேலியிலிருந்து வேறொருத்தியைக் கூட்டிவரப்போவதாக மாமி சொல்லிவிட்டாள். அவள் வந்தால் என் பிழைப்பு போச்சு. பதறிப்போய் மறுபடி டாக்டரிடம் ஓடினோம். இரண்டு மாத்திரையும் தவறாமல் சாப்பிடுவதாகக் கூசாமல் புளுகினேன். பக்கத்திலிருந்த என் கணவர், பாவம், அதற்குத் தலையாட்டினார்.

"ரெண்டாமத்த குளிகை என்ன நிறமாக்கும்?" என்றார் டாக்டர்.

வெள்ளை என்றேன். அது மஞ்சளாம்.

டாக்டர் திட்டவில்லை. மாசத் தைலச்செலவை மட்டும் கேட்டார். கணக்குப்பிள்ளை அல்லவா, என் கணவர் காசு சுத்தமாக ஒப்பித்தார். அந்த மஞ்சள் மாத்திரை ஒரு மாசத்துக்கு ஒரு குப்பித் தைலத்தைவிட மலிவு என்று தெரிந்ததும் எனக்கு மானம் போயிற்று. தரையில் உட்காரவும் தடை விதித்து அனுப்பினார் டாக்டர்.

பஸ் ஸ்டாப்பில் என் கணவர் மெதுவாகக் கேட்டார். "தைலத்துக்கு ஒருநாளும் கணக்குப் பார்க்காதவள், இதுக்கு மட்டும் ஏண்டி பார்த்தே?"

"முதுகு வலின்னா நாலு பேர் விசாரிப்பா. இதை என்னன்னு சொல்லி வாங்கறது?"

அன்றிலிருந்து அவரே மஞ்சள் மாத்திரையை வாங்கிவந்து, காலையில் காப்பியோடு கையில் வைத்தார். சில வாரம் கழித்து ஒருநாள் என்னையறியாமல் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் எங்கள் சாப்பாட்டு மேஜையை என் கணவர் மாமி வீட்டுக்குத் தூக்கிவந்தார். "சீர் முறுக்கை மேஜையிலயா சுத்துவா?" என்று மாமி மோவாயில் கைவைத்தாள். நான் நின்றபடி ஒன்பது சுற்று சுற்றிக்காட்டினேன். மூன்றாம் நாள், தரையில் உட்கார்ந்து முழங்கால் பிடித்துக்கொண்ட மாமி, தானும் எழுந்து வந்து மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. வலி இருக்கத்தான் செய்தது. அதோடு சிரிக்கவும் முடிந்தது.

கூலி கைக்கு வந்ததும் நானே மருந்துக்கடைக்குப் போனேன். தெரிந்தவர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். சீட்டை மடிக்காமல் நீட்டினேன்.