பதினொரு வருடம் பின்தங்கிய மெஷின்

பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் போட்டுத் தருவது என்பது, வாடிக்கையாளர் மாற்றக் கூடாது என்று சொன்ன எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, எதையும் மாற்றவில்லை என்று அவரை நம்பவைக்கிற தொழில். தொண்ணூறுகளின் நடுவில் இதைச் செய்து இடுப்பு பிடித்துக்கொண்ட சகாக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே எங்கள் கடை. நானும் ஷாகுலும். கீழே வடை போடும் நேரத்தில் மேலே ஸ்க்ரூடிரைவர் கையில் வழுக்கும்.

பிள்ளையார் ஸ்டிக்கர்

கிள்ளானில் பரமேஸ்வரி ஆன்டி கல்யாணப் பொருத்தம் பார்ப்பவர். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் அவருடைய 386 கம்ப்யூட்டர் ஜாதகக் கட்டம் போட்டு, நடப்பு தசை வரைக்கும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் அடித்துத் தரும். இப்போது தமிழிலேயே அடிக்கும் புரோகிராம் வந்துவிட்டது. அது புது விண்டோஸில்தான் ஓடும். கிள்ளானில் இன்னொரு தரகர் அதை வாங்கிவிட்டார் என்பதால் ஆன்டிக்கு அவசரம்.

பெட்டியின் முன்பக்கத்தில் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கோயிலில் வைத்துப் பூஜை போட்ட பெட்டி, அதை மாற்றக் கூடாது என்றார். சரி என்றேன். போர்டு, மெமரி, டிஸ்க், மூன்றும் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதை அப்போது சொல்லவில்லை. கடைக்கு வந்து நான் எழுதிய பட்டியலை ஷாகுல் இரண்டு தடவை படித்தான்.

"சட்டை பழசானா சட்டைய மாத்துவாங்க பாஸ். நாம சட்டைய வச்சிக்கிட்டு ஆள மாத்துறோம்."

பேட்டரி

பழைய போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் ஜாதகங்களை ஃப்ளாப்பியில் நகலெடுத்தேன். முந்நூற்றுச் சொச்சம் இருந்தன. திரையில் கோப்புகளின் தேதி ஓடியது. கணிசமானவை 1980 ஜனவரியில் தொடங்கி 1985 வரைக்கும் வந்திருந்தன. ஆன்டி அந்த மெஷினை வாங்கியதே தொண்ணூறில்.

ஐந்து வருடத்துக்கு முன் அதில் தேதியை நினைவில் வைக்கும் பேட்டரி செத்துப் போயிற்று. மாற்றியவர் டிஸ்க் விவரங்களைச் சரியாகக் கொடுத்துவிட்டு, தேதியைக் கொடுக்காமல் மூடியிருக்கிறார். மெஷின் தன் பாட்டுக்கு எண்பதிலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறது. பிறந்த கட்டத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் நடப்பு தசையை அந்த புரோகிராம் மெஷினின் தேதியை வைத்துத்தான் கணக்கிடும். ஐந்து வருடமாக ஆன்டி கொடுத்த எல்லாத் தாளிலும் தசை பதினொரு வருடம் பழையது.

கடைசி இரண்டு கோப்புகளில் ஒன்று வசந்தாவுடையது, மற்றது என்னுடையது. எங்களுக்குக் கல்யாணம் ஐந்து வாரத்தில். வசந்தாவின் அப்பா காப்பாரில் லோரி ஓட்டுகிறவர். சனி தசை நடக்கிறது என்று இரண்டு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர். என் தாளில் குரு தசை என்றிருந்ததைப் பார்த்துத்தான் தலையாட்டினார். நான் விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குரு எனக்கு எப்போதோ முடிந்திருந்தது. ஷாகுலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் பழைய போர்டைத் திருப்பி, ஈயம் பற்றவைத்திருந்த லட்சணத்தைப் பார்த்தான். எங்கள் கடை வேலைதான். என் கை.

"எந்த மடையன் பாஸ் இத மாத்துனது?"

ஷிப்ட் முடிகிற நேரம்

வசந்தா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களை அளந்து பார்த்துப் பாஸ் போடும் வேலையில் இருந்தாள். கேட்டுக்கு வெளியே என் மோட்டார் சைக்கிள் அருகே நின்றுகொண்டு முழுவதையும் கேட்டாள். "அப்ப மெசினுக்கு எனக்கு பதினாறு வயசுதானா?" என்றாள். ஆமாம் என்றேன். அப்பாவிடம் சொல்லிவிடலாமா, பேசாமல் இருந்துவிடலாமா என்று கேட்டேன். அவள் தொழிற்சாலை பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

"எங்க லைன்ல அளக்குற கருவி தப்புன்னு தெரிஞ்சா, அதுல அளந்த எல்லாத்தையும் திருப்பி அளக்கணும். லோரில ஏத்தி அனுப்பிட்டா மட்டும் விட்டுருவோம். நம்மள ஏத்தியாச்சா இல்லையா, அத சொல்லுங்க."

ஒன்பதாவது ஃப்ளாப்பி

விண்டோஸ் பதின்மூன்று ஃப்ளாப்பிகளில் வந்தது. அதைத் தன் வீட்டில், சாமி அறைக்கு எதிரில் வைத்துத்தான் போட வேண்டும் என்பது ஆன்டியின் நிபந்தனை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் ஃப்ளாப்பியை அவரே செருகினார். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்தபோது எட்டாவது ஓடிக்கொண்டிருந்தது. தொடங்கியது நல்ல நேரத்தில் என்பதால் தொடரலாம் என்று ஆன்டி தீர்ப்பளித்தார். ஒன்பதாவது ஃப்ளாப்பி படிக்கவில்லை. பையில் மாற்று ஃப்ளாப்பி இருந்தது, ஆனால் அதற்குள் மெஷின் நின்றுவிட்டது. முதலிலிருந்து போட வேண்டும்.

முதலிலிருந்து போடுவது தொடர்ச்சியா, புதுத் தொடக்கமா? ஆன்டி கண்ணை மூடி ஆலோசித்துவிட்டுப் புதுத் தொடக்கம் என்றார். மூன்று பேரும் பன்னிரண்டு மணி வரைக்கும் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தோம். ஷாகுல் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தான்.

"ஆன்டி, உங்களுக்கு பன்னெண்டுக்கு மேலதான் நல்ல நேரம். எனக்கு ஒரு மணிக்கு பள்ளிவாசல். நடுவுல இருக்கிற ஒரு மணி நேரத்துல பதிமூணும் உள்ள போகணும், துவா செய்ங்க."

முதல் தாள்

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது விண்டோஸ் எழுந்தது. தேதியை நானே நான்கு தடவை சரிபார்த்தேன். ஷாகுல் ஓடினான். புது புரோகிராமில் ஜாதகங்களை ஏற்றினேன். "முதல் தாள் உம்முடையதா இருக்கட்டும். ராசியான தாள்," என்று ஆன்டி என் பெயரைத் தெரிந்தெடுத்தார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். அதற்குள் பிரிண்டர் இழுக்க ஆரம்பித்துவிட்டது. அழகான தமிழ் எழுத்து. நடப்பு தசை: சனி.

அலமாரியிலிருந்து பழைய தாளின் நகலை எடுத்து இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். நான் பேட்டரி விஷயத்தைச் சொன்னேன். ஐந்து வருடம் என்றும் சொன்னேன். அவர் ஒவ்வொரு ஜோடியாக முணுமுணுக்கத் தொடங்கினார். இன்னார் சந்தோஷமாக இருக்கிறார்கள், இன்னார் பேசிக்கொள்வதில்லை, இன்னாருக்கு இரட்டைப் பிள்ளை, இன்னாள் தாய் வீட்டில். நெடுநேரம் ஆயிற்று. நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பேட்டரி மாத்துறதுக்கு முதலும் என்ர கலியாணங்கள் இப்பிடித்தான் தம்பி இருந்தது."

காப்பாருக்கு ஒரு போன்

ஆனாலும் ஆன்டி பொய்த் தாள் கொடுக்கிறவர் அல்ல. என் முன்னாலேயே காப்பாருக்கு போன் போட்டு, மெஷின் தவறிவிட்டது, மாப்பிள்ளைக்கு நடப்பது சனி என்று சொல்லிவிட்டார். தவறியது யார் கையால் என்பதையும் விடவில்லை. மறுமுனையில் லோரி எஞ்சின் உறுமும் சத்தம் எனக்கே கேட்டது. பிறகு அது நின்றது. ஆன்டி ரிசீவரை என் காதுப் பக்கம் நீட்டினார். என் வருங்கால மாமனார் அலுப்போடு பேசினார்.

"டெங்கில் ஊரு வரைக்கும் போயி, வீடு வீடா வெத்தல பாக்கு வச்சி கார்டு குடுத்துட்டு வந்துட்டேன் ஆன்டி. திரும்ப ஒவ்வொரு வீடா போயி குரு இல்ல சனின்னு சொல்லிக்கிட்டு இருக்க முடியாதுலா. அந்த ஆள கல்யாணத்துக்காவது சரியான தேதில வரச் சொல்லுங்க."

சரியான தேதியில்தான் போனேன். அன்றிலிருந்து ஊரார் மெஷின்களுக்கெல்லாம் நேரம் வைத்துக் கொடுக்கும் என்னை, எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற மட்டும் வசந்தா விட்டதில்லை.