கையில் கறுப்பு டேப்

எங்கள் பக்கத்தில் சாவைப் போனில் சொல்ல மாட்டோம். "ரொம்ப முடியல, உடனே கெளம்பி வா" என்போம். வருகிறவர் தெருமுனையில் பந்தலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். வழியெல்லாம் தனியாக அழுதுகொண்டு வரக்கூடாதே என்ற அக்கறையாம். நல்ல அக்கறை, நாசமாய்ப் போக.

அம்மா இறந்தபோது தங்கை வெளியூரில் விளையாட்டு விடுதியில் இருந்தாள். நான்தான் கூப்பிட்டேன். "அம்மாவ ஐசியூல வச்சிருக்காங்க, செல்லு உள்ள வுட மாட்டாங்க, நீ வா." வேப்பூரில் பஸ் மாறும்போது அம்மாவுக்கு என்று சாத்துக்குடி வாங்கி வந்தாள். வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. பழத்தை அப்படியே தெருவில் போட்டுவிட்டு என் சட்டையைப் பிடித்தாள்.

பிறகு அவள் இந்திய அணிவரைக்கும் போனாள். போன வருஷம் நேபாளத்தில் நாலு நாடுகளை அழைத்துப் பெண்கள் கால்பந்துப் போட்டி நடத்தினார்கள். பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்து ஓய்ந்த அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "சும்மா இல்ல, வெத்தல பாக்கு வச்சு அழச்சிருக்காங்க" என்று டீக்கடையில் எல்லாரையும் படுத்தி எடுத்தார்.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் அவருக்கு நெஞ்சடைத்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று தங்கையைக் கூப்பிட்டேன்.

"அப்பாவுக்கு ரொம்ப முடியல. ஐசியூல இருக்காரு. ஒன்னதான் கேக்குறாரு, வா."

"எப்பண்ணா எடுக்கிறீங்க?" என்றாள்.

"ஐயோ, உசுரோட இருக்காரு!"

"அவரைக் காட்டு."

"செல்லு உள்ள வுட மாட்டாங்கம்மா."

"அம்மாவுக்கும் இதேதான் சொன்ன."

என் பிள்ளை மேல் சத்தியம் பண்ணினேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "நான் ஆடுறத பாக்கணும்னுதான் அவரு இருந்தாரு. ஆடிட்டே வரேன். அதுவரைக்கும் எடுத்துடாதீங்க." போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு எடுக்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் நர்ஸ் அம்மா மனசு இரங்கி, என்னை அஞ்சு நிமிஷம் போனோடு உள்ளே விட்டாள். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். தங்கை பந்தோடு ஓடினாள். அவள் இடது கையில் மட்டும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. உயிரோடு படுத்திருக்கிற மனிதருக்குத் துக்கம்.

"கையில என்னாடா கறுப்பா?" என்றார் அப்பா.

"அடிபட்டிருக்குப்பா. கட்டு போட்டிருக்காங்க."

"பாவம், அதோட ஓடுதே. ரொம்ப வலிக்குதான்னு கேளு."

அந்த அஞ்சு நிமிஷத்தில் அவரை ஒரு போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆட்டம் முடிந்து சற்று நேரத்தில் அப்பா போய்விட்டார். இந்தத் தடவை தங்கை போனை எடுத்தாள். நானும் சுற்றி வளைக்கவில்லை. "அப்பா இப்பதாம்மா போனாரு" என்றேன்.

"தெரியும்ணா" என்றாள், என்னைத் தேற்றுகிற குரலில்.

மறுநாள் வந்தாள். ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதவள், பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தாள். "நேத்து சாயங்காலம்கூட உன் ஆட்டத்த செல்லுல பாத்தாராம்மா."

என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். "பாத்தாரா? என்னா சொன்னாரு?"

பொய் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

"ஒன் கை ரொம்ப வலிக்குதான்னு கேக்கச் சொன்னாரு."

டேப்பை எடுத்திருந்தாள். சுற்றியிருந்த தடம் மட்டும் இருந்தது. அதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.