நாலு மாத அண்ணன்

வைத்திக்குப்பத்து அஞ்சலாட்சியை முதன்முதலில் நான் பார்த்தபோது அவளை நாலு பெண்கள் ஒரு கைவண்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வந்து இறங்குகிற அதே வண்டி. ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆடி மாதம் என்று நினைக்கிறேன். மாதத்தில் தவறு இருக்கலாம். இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டுச் சரிபார்க்க எனக்கு அங்கே ஆள் இல்லை. வெயில் மட்டும் சரியாக ஞாபகம் இருக்கிறது. வண்டிப் பலகையில் சொட்டியிருந்தது மீன் ரத்தம் என்றுதான் காவல்காரன் நினைத்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் அரசாங்கத்தைக் கொடுத்துவிட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. பெண்கள் வார்டில் மட்டும் ஒரு வயதான பிரெஞ்சு டாக்டர் ஊருக்குப் போகாமல் இருந்தார். அவருக்குத் தமிழ் வராது, நோயாளிகளுக்குப் பிரெஞ்சு வராது. இரண்டும் படித்தவள் என்பதால் நடுவில் நின்று சொல்வதற்கு என்னை வைத்திருந்தார்கள். ஒரு வார்த்தை தப்பிப் போனால் ஒரு பெண்ணின் வயிறு போய்விடுமோ என்று எனக்குத் தினமும் பயம். வீட்டுக்குப் போன பிறகும் சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

எட்டுக் கட்டில்கள். கர்ப்பப்பை கீழே இறங்கி ரப்பர் வளையம் வைத்துக்கொண்டிருந்த ஒரு நெசவுக்காரி. முதல் பிரசவத்தில் மூன்று நாள் கஷ்டப்பட்டு, அதிலிருந்து சிறுநீர் நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருந்த ஒரு சின்னப் பெண். அவளைக் கடைசிக் கட்டிலில், ஜன்னல் ஓரமாகப் போட்டிருந்தார்கள். கருக் கலைந்து, உள்ளே சுரண்டிவிட்டு வந்து படுத்திருந்த இருவர். அவர்கள் யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசுவதற்குத் தெம்பு வேண்டும்.

அஞ்சலாட்சிக்கு முப்பத்தாறு வயது இருக்கும். மூன்று பிள்ளைகள், மூத்தவனுக்குப் பன்னிரண்டு. டாக்டர் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளாக?" என்றார்.

"ரெண்டு வருஷமா, எம்மா. மாசத்துல இருவது நாளு. நடுவுல பத்து நாளு நிக்கும். அப்புறம் மறுபடி தொறந்துக்கும்."

"இரண்டு வருஷம் என்ன செய்தாய்?"

"மாதுளம் தோலு காய்ச்சிக் குடிச்சேன். வாழைப்பூ தின்னேன். வேண்டிக்கினேன். கருநீலச் சேலையா பாத்துக் கட்டிக்கினேன்."

கடைசியாகச் சொன்னது மருந்தில்லை என்பதால் டாக்டரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். உண்மையில் அவள் அதிகமாக நம்பியிருந்தது அந்தச் சேலையைத்தான்.

குப்பத்தில் ஒரு கட்டு உண்டு. வீட்டுக்குத் தூரமான பெண் கரைக்கு வரக்கூடாது. வலையைத் தொடக்கூடாது, கட்டுமரத்தைத் தாண்டக்கூடாது. மீறினால் வலையில் மீன் ஏறாது என்பார்கள். மற்றப் பெண்களுக்கு அது மாதத்தில் நாலு நாள். அந்த நாலு நாளும் வேறு யாராவது கரையில் நின்று மீனை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். இருபது நாளைக்கு யார் வாங்கிக் கொடுப்பார்கள்? அஞ்சலாட்சி பொய் சொன்னாள். "தலைக்கு ஊத்திக்கினேன்" என்று சொல்லிவிட்டுக் கரைக்குப் போனாள். பழந்துணியை மூன்று மடிப்பாக வைத்து, மேலே கருநீலச் சேலை கட்டி, தலையில் கூடையோடு வாய்க்காலைத் தாண்டி வெள்ளைக்காரத் தெருவரைக்கும் போய் மீன் விற்றாள். அவள் புருஷன் பாவாடைக்கு இது தெரியும். தெரியாதவன் போல இருந்தான்.

போன வருஷம் கடலில் மீன் இல்லை. குப்பமே கூடி அம்மனுக்குப் பொங்கல் வைத்தது. கூட்டத்தில் நின்று அஞ்சலாட்சியும் கும்பிட்டாள். தன்னால்தான் மீன் போயிற்று என்று அவள் நிஜமாகவே நம்பினாள். என்னிடம் அதைச் சொன்னபோது அழவில்லை. அலுத்துப்போய், ஊர்க் குப்பையெல்லாம் தன் தலையில் கொட்டியிருப்பதைச் சொல்கிறவள் போலச் சொன்னாள்.

டாக்டர் சொன்னார்: கர்ப்பப்பையில் கட்டி. கெட்ட கட்டி இல்லை. ஆனால் இளநீர்க் காய் அளவு இருக்கிறது. பையோடு எடுத்துவிட வேண்டும். விட்டால் ரத்தம் போயே செத்துப்போவாள்.

இதை ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். பை எடுப்பது என்றாலே பெண்கள் கட்டிலைவிட்டு இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார்கள். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அஞ்சலாட்சி கொஞ்ச நேரம் மேலே சுவரில் ஊர்ந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பை போயிட்டா தூரம் வராதா?"

"வராது."

"எந்த மாசமும்?"

"எந்த மாசமும் வராது."

"அப்போ எல்லா நாளும் கரைக்குப் போலாமா?"

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். கரைக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளக்கவே எனக்குக் கால் மணி ஆனது. போகலாம் என்று சொல்லச் சொன்னார்.

"அப்போ எடுத்துடச் சொல்லு," என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் எடுக்க முடியவில்லை. உடம்பில் ரத்தம் இல்லை. ஒரு பாட்டில் ரத்தமாவது ஏற்றாமல் கத்தி வைக்கமாட்டேன் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் சேமித்து வைத்த ரத்தம் கிடையாது. சொந்தக்காரர் யாராவது கொடுக்க வேண்டும். அஞ்சலாட்சிக்குக் கூடப்பிறந்தவர் இல்லை, அப்பனும் இல்லை. மாசேர் என்று நாங்கள் கூப்பிடுகிற கன்னியாஸ்திரி பாவாடையின் விரலைக் குத்திப் பார்த்தார். அவன் ரத்தம் அவளுக்குச் சேரும் என்று வந்தது. எல்லாரும் மூச்சு விட்டோம்.

பாவாடை மாட்டேன் என்றான்.

கன்னங்கரேலென்று, தோளில் கயிறு இழுத்த தழும்போடு, வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். பயமா என்று கேட்டேன். சுறாவோடு மல்லுக்கட்டினவன் அவன். என் கேள்விக்குச் சிரிப்புகூட வரவில்லை.

"பயம் இல்லீங்க. எங்கூர் நாட்டார கேட்டேன். வேணாம்னுட்டாரு."

நாட்டார் என்பது குப்பத்துப் பெரியவர். உத்திராபதி என்று பெயர். அவரும் பின்னாலேயே வந்து நின்றார். வெள்ளை வேட்டி, கையில் வெற்றிலைப் பொட்டலம்.

"எம்மா, நீ படிச்ச பொண்ணு. நீயே ரோசன பண்ணு. இவன் ரத்தம் அவ ஒடம்புல ஓடுனா அவ இவனுக்கு யாரு? கூடப்பொறந்தவ. கூடப்பொறந்தவள வச்சி எப்பிடிக் குடும்பம் நடத்துவான்? நாளைக்கு அந்தப் பசங்கள யாருன்னு சொல்றது? மருமகப் புள்ளைங்களா?"

இதை நான் டாக்டருக்குச் சொன்னேன். முடிந்தவரை மென்மையாக்கித்தான் சொன்னேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது. மாசேர் சிரிப்பை அடக்கச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார்.

உள்ளே கட்டிலிலிருந்து அஞ்சலாட்சியின் குரல் வந்தது. சத்தமே இல்லாத குரல்.

"யோவ் மாமா. எங்கம்மா யாரு? உன் அக்காதானே? அக்கா பொண்ணுன்னுதானே என்னக் கட்டிக்கினே? அப்போ ஒட்டாத ரத்தமா இப்போ ஒட்டப்போவுது?"

பாவாடை நாட்டாரைப் பார்த்தான். நாட்டார் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"அது பொம்பள வழி. அக்காவ வெளிய குடுத்தாச்சி, அவ பொண்ணு அவுங்கப்பன் வகையறா. முற தப்பல. ஆம்பள ரத்தம் நேரா போனா வேற. பங்காளி ஆயிடும்."

"ஆவட்டும்," என்று குறுக்கே வந்தாள் தனக்கொடி. அஞ்சலாட்சியைக் கைவண்டியில் தள்ளிவந்தவர்களில் ஒருத்தி. மார்க்கெட்டில் இருவருக்கும் இடச் சண்டை நடக்காத நாளே கிடையாது. "ஆம்பளைங்க பேசிக்கினே இருங்க. நான் குடுக்கறேன். எனக்கு அவ தங்கச்சியா ஆனா ஆவட்டும். தலதீவாளிக்குச் சீரு செய்யின்னு வந்து நின்னா மட்டும் ஒதப்பேன்."

மாசேர் அவளை உட்காரவைத்துக் கீழ் இமையைப் பிதுக்கிப் பார்த்தார். உள்ளே வெளிறியிருந்தது. தலையசைத்து அனுப்பிவிட்டார். அடுத்து, கூட வண்டி தள்ளிவந்த சொர்ணம் வந்தாள். அவளும் அப்படியே. மறுநாள் தனக்கொடி மார்க்கெட்டிலிருந்து இன்னும் ஐந்து பேரைக் கூட்டிவந்தாள். வரிசையாக நின்றார்கள், மீன் செதில் ஒட்டின கையோடு. ஒருத்தி விடாமல் இமை வெளுத்துத்தான் இருந்தது. ஒவ்வொருத்தியையும் பார்த்து, ஒவ்வொருத்தியையும் அனுப்பினார்கள்.

"இத்தினி பேருல ஒருத்திகிட்டகூடவா ஒரு சீசா ரத்தம் இல்ல?" என்று தனக்கொடி கேட்டாள். "எங்கடி போச்சி நம்ம ரத்தமெல்லாம்?"

பாவாடை தூணுக்குப் பக்கத்தில் குந்தியபடி அந்த வரிசை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிப் பெண்ணும் போன பிறகு எழுந்து என்னிடம் வந்தான்.

"எம்மா, டாக்டர ஒன்னு கேளு. நான் குடுக்கற ரத்தம் அவளுக்குள்ள எத்தினி நாளு இருக்கும்?"

கேட்டேன். டாக்டர் கோபம் தணியாமல், ஆனால் சரியாகப் பதில் சொன்னார். ஏற்றின ரத்தம் அதிகம் போனால் நாலு மாதம் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து, அவள் உடம்பே ஊறவைக்கிற ரத்தம் அந்த இடத்துக்கு வந்துவிடும்.

"நாலு மாசம்," என்றேன்.

பாவாடை விரலை மடக்கினான். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. நாட்டாரிடம் போனான். வராந்தாவின் கோடியில் இருவரும் வெகு நேரம் பேசினார்கள். நாட்டார் இரண்டு தடவை மண்ணில் ஏதோ கீறி அழித்தார். பிறகு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"நாலு மாசம் அவ இவனுக்குத் தங்கச்சி. தாலி கழுத்துல இருக்கட்டும், அத ஒன்னும் பண்ணவேணாம். இவன் வூட்டுல படுக்கக்கூடாது, கரையில படுத்துக்கணும். கார்த்திக பொறந்தா பொண்டாட்டி. அம்மனுக்கு ஒரு தேங்கா ஒடச்சிட்டு வூட்டுக்குப் போலாம்."

டாக்டருக்கு நான் இதில் பாதியைத்தான் சொன்னேன். கொடுக்க ஒப்புக்கொண்டான் என்பது போதும் என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலை பாவாடையின் கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். அவன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கதவுக்கு வெளியே நின்று விரலைக் கடித்துக்கொண்டிருந்தது அவன் இல்லை, நான்தான். மயக்கம் தெளிந்து மறுநாள் அஞ்சலாட்சி எடுத்த கட்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். மாசேர் எனாமல் கிண்ணியில் கொண்டுவந்து காட்டினார்.

"இதையா ரெண்டு வருஷம் தூக்கிக்கினு திரிஞ்சேன்? கூடையே தேவலாம்," என்றாள். பிறகு தூங்கிவிட்டாள். மூன்று நாளைக்கு அவள் தூங்கினபடியே இருந்தாள். டாக்டர் பயந்து இரண்டு தடவை நாடி பிடித்துப் பார்த்தார். "நோய் இல்லை. இவளுக்குத் தூக்கம் பாக்கி," என்றார் மாசேர்.

வீட்டுக்கு அனுப்பும்போது எல்லாரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னோம். மூன்று மாதத்துக்குக் கனம் தூக்கக்கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது, புருஷனோடு சேரக்கூடாது. அந்த வார்டில் இதை நான் நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். கேட்ட புருஷன் ஒருவனும் கிடையாது. தையல் பிரிந்து, சீழ் பிடித்து, மூன்றாம் வாரமே திரும்பி வந்தவர்களைக் கணக்கு வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பாவாடை ஒருவன்தான் கேட்டான். டாக்டர் சொன்னதற்காக இல்லை. அவள் தங்கச்சி என்பதற்காக. தனக்கொடி மீன் விற்க இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எனக்குச் செய்தி சொல்வாள்.

"சின்ன மதாம், கேளு இந்தக் கூத்த. குழாயில தண்ணி புடிச்சி அவனே தூக்கியாறான். குப்பமே சிரிக்குது. ஏண்டா பாவாட, பொம்பள வேலைய செய்யறியேன்னு கேட்டா, தங்கச்சி கொடம் தூக்குனா அண்ணனுக்கு மானம் போவாதான்றான். தீவாளிக்கு அவளுக்குச் சேலை எடுத்தாந்தான். பதினெட்டு வருஷத்துல பொண்டாட்டிக்குன்னு ஒரு ரவிக்கத் துணி எடுத்ததில்ல!"

"மீனை யார் விற்கிறது?"

"வேற யாரு? நான்தான். அவ எடத்துலயும் நானே குந்திக்கினேன். வந்தா எழுந்திருக்கமாட்டேன்னு சொல்லிட்டேன்."

அவன் மழையிலும் கரையில்தான் படுத்தான். கட்டுமரத்தைச் சாய்த்துவைத்து, அதன்மேல் கீற்றைப் போட்டு, உள்ளே சுருண்டுகொள்வான். காலையில் வீட்டு வாசலில் நின்று மீனைக் கொடுத்துவிட்டுப் போவான். உள்ளே வரமாட்டான்.

கார்த்திகை மாதம் முதல் வாரம் அஞ்சலாட்சியை டாக்டர் பார்க்க வரச் சொல்லியிருந்தார். மூன்று பேராக வந்தார்கள்: அவள், பாவாடை, நாட்டார் உத்திராபதி. அவள் கன்னத்தில் சதை வைத்திருந்தது. இமையைப் பிதுக்கிப் பார்த்தால் உள்ளே செம்பருத்தி மாதிரி இருந்தது. டாக்டர் தையலைப் பார்த்து, இப்படி ஆறிப் பார்த்ததில்லை என்றார். கைகழுவப் போனார்.

சேலையைச் சரிசெய்ய நான் உதவும்போது அவள் என் காதருகில் பேசினாள்.

"எல்லாம் ஆறிடுச்சி, எம்மா. நாளைக்கே கரைக்குப் போலாம். எல்லா நாளும் போலாம். அதான் ஒரு ரோசனையா இருக்குது. முன்ன மாசத்துல நாலு நாளாவது குந்தியிருப்பேன். இனிமே அதுவும் இல்ல." கொசுவத்தைச் செருகினாள். "கூடையும் வரும், கொடமும் வரும். அதுவும் வரும்." வெளியே வராந்தாப் பக்கம் தலையை ஆட்டினாள். "நல்ல ஆளுதான். நான் ஒன்னும் சொல்லல. ஆனா எனக்கு இன்னும் அசதி தீரல."

வெளியே வந்தோம். நாட்டார் எழுந்து நின்றார். கையில் தேங்காய்ப் பை இருந்தது.

"எம்மா, நாலு மாசம் முடிஞ்சிபோச்சின்றான் இவன். முடியலன்றா அவ, டாக்டரு அஞ்சுன்னு சொன்னாராம். இவன் சொன்னத வச்சித்தான் நான் நாலுன்னு தீர்ப்பு சொன்னேன். முற சமாச்சாரம், தப்பக்கூடாது. நீதானே மொழிபேத்துச் சொன்னே? நீயே சொல்லு. நாலா, அஞ்சா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையில் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லப் போகும் வார்த்தையை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். வழக்கமாகச் சரிதானா என்று பார்ப்பதற்குத்தான் அப்படிச் செய்வேன்.

"அஞ்சு," என்றேன்.

பாவாடைக்கு விரல் மடக்கின கணக்கு மறந்திருக்க முடியாது. என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் இன்னும் தலை நிமிரவில்லை.

"ஆமா. அஞ்சுதான்," என்றான். "எனக்குத்தான் தப்பா பட்டுச்சி."

நாட்டார் தேங்காய்ப் பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"நல்லவேள கேட்டேன். போடா, மழ வருது. போய்க் கீத்த இன்னும் ரெண்டு போட்டுக்கோ."