மொட்டைத் தலையோடு செஞ்சிக்கு நான்கு பஸ்

முடி கொட்டுகிறது, செஞ்சிப் பக்கம் நல்ல நாட்டு வைத்தியர் இருக்கிறாராமே, போய்வரலாமா என்று இரண்டு மூன்று இளைஞர்கள் இந்த வலைப்பூவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போனது அறுபதுகளின் நடுவில், ஓர் ஆனி மாதம் பதினைந்தாம் தேதி. அந்த ஒரே நாளில் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே நான்கு தடவை பஸ் ஏறினேன். கட்டணமும் நேரமும் அந்தக் காலத்தது, அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. திண்டிவனத்தில் குமாஸ்தா வேலை. நெற்றி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போய், உச்சியிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிச்சம் போட்டிருந்தது. செஞ்சியில் எனக்குப் பெண் பேசி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பெண் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. பெண் வீட்டில் என்னைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். அது மூன்று வருஷத்துக்கு முன் எடுத்த படம். அதில் இருக்கிற முடி இரண்டு பேருக்குக் காணும். ஆவணியில் நேரில் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அதற்குள் நான் பார்க்காத வைத்தியம் இல்லை. திண்டிவனத்து இங்கிலீஷ் டாக்டர் இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு, "உங்க தாய்மாமனுக்குத் தலை எப்படி?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்துவிட்டு மஞ்சள் மாத்திரை எழுதினார். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, தபால்காரரிடம் காசு கட்டி வாங்கும் வி.பி.பி.யில் வரவழைத்த தைலம் மூன்று ரூபாய் எழுபத்தைந்து பைசா. தலையணை உறை மணத்ததுதான் மிச்சம். சின்ன வெங்காயம், செம்பருத்தி, கரிசலாங்கண்ணி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், எல்லாவற்றையும் தேய்த்தேன். ஒன்றைப் பத்து நாள் சேர்ந்தாற்போல் செய்யும் பொறுமை எனக்கு இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லிவிட்டுக் காலை ஆறேகால் பஸ் பிடித்தேன். பதினேழு மைல், எண்பது பைசா, ஒன்றேகால் மணி நேரம். இந்த பஸ்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இதே தடத்தில் ஓடும் இன்னொரு பஸ்ஸில் பெண்ணின் தாய்மாமன் கண்டக்டர். இரண்டு வீட்டுக்கும் நடுவே சேதி கொண்டுவருகிறவர் அவர்தான். அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதும் நான் அவர் பஸ்ஸில் போகும்போதும் முன்முடியை எண்ணெய் வைத்து இழுத்து உச்சியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் ஒரு மல்லாட்டை மண்டி. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அந்த மண்டியின் பின்கட்டில் வாரத்தில் இரண்டு நாள் காலையில் வைத்தியர் உட்காருவார். மேல்சித்தாமூர் ஜைனக் குடும்பத்துக்காரர், சொந்தமாகப் பயிரும் வைத்துக்கொண்டிருந்தார். எட்டரைக்கு என் முறை வந்தது. வெங்காயம் தேய்த்ததைச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார்.

"அந்தப் பொருளே எங்க வூட்டுல நுழையாது" என்றார். ஜைனர்கள் வெங்காயம் சேர்ப்பதில்லை. பிறகு என் தலையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார். "புழுவெட்டா இருந்தா நான் கை வெப்பேன். இது வழுக்கை தம்பி. இதுக்கு மருந்து இருக்குதுன்னு சொன்னா அது பொய். போயி வேலையப் பாரு."

அங்கேயே எழுந்து வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் எழுந்திருக்கவில்லை. எதையாவது கொடுங்கள் என்று நச்சரித்தேன். அவரும் அலுத்துப்போய், மொட்டை அடித்து ஒரு மண்டலம் மூலிகைத் தைலம் தேய்த்துப் பார்க்கலாம், உத்தரவாதம் கிடையாது என்றார். ஒரு மண்டலம் நாற்பத்தெட்டு நாள். விரல்விட்டு எண்ணினேன். ஆவணி ஒன்றோடு சரியாக முடிந்தது. அது போதாதா எனக்கு? தைலம் பதினொன்றரைக்குத் தருவதாகச் சொன்னார்.

கடைவீதி சலூனில் மொட்டைக்கு ஐம்பது பைசா. கண்ணாடியில் பார்த்தால் மொட்டைக்குக் கீழே மீசை மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. அதையும் எடுத்துவிடச் சொன்னேன். இந்தக் கோலத்தை எங்கள் ஊரில் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு அந்த நிமிஷத்தில் உறைக்கவே இல்லை.

மணி பத்து. சும்மா உட்கார முடியாமல் மேற்கே ஒன்றரை மைல் நடந்து கோட்டைக்குள் போய் ராஜகிரி ஏற ஆரம்பித்தேன். கோட்டை பார்க்கப் போகிறவர்கள் எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும். வெயில் ஏறிய பிறகு பாறை அடுப்பாகக் காயும். சிரைத்த தலையோடு பாதிகூட ஏற முடியவில்லை. மண்டை பொரிந்துபோய் ஒரு மண்டப நிழலில் படுத்தவன் கண்ணயர்ந்துவிட்டேன். தைலப் புட்டியை வாங்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் பன்னிரண்டு மணி பஸ் போய்விட்டது. அடுத்தது ஒன்று பத்துக்கு. அது தாய்மாமன் பஸ் என்று ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன்.

வெள்ளைத் துண்டால் தலையை மூடிக்கொண்டேன். டிக்கெட் கேட்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மொட்டை, மீசையும் இல்லை. வேண்டுதல் மொட்டை என்றால் தலையில் சந்தனம் இருக்கும், அதுவும் இல்லை.

"இன்னா மாப்ள இது! நைனா தவறிட்டாரா?" என்றார். அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்போம்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த கேள்வி 'அப்ப மொட்டை எதுக்கு?' என்று வரும். பஸ் முழுக்க ஆட்கள், அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. என்னிடம் காசு வாங்காமல் தன் பையிலிருந்து போட்டு டிக்கெட் கிழித்தார். பக்கத்து சீட்டுக்காரர் மெதுவாக, "எத்தினி வயசு?" என்று கேட்டார். "அறுபது" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

உண்மையைச் சொல்ல ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. வல்லம் தாண்டினால் சொல்லிவிடலாம், வெள்ளிமேடு வந்தால் சொல்லிவிடலாம் என்று ஊர் ஊராகத் தள்ளிப்போட்டேன். திண்டிவனத்தில் இறங்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு மணிக்குத் திரும்பறேன். அக்கா வூட்ல சொல்லி, காலைல எல்லாரும் துக்கம் கேக்க வர்றோம்" என்றார்.

வீட்டுப் பக்கம் பத்தடி நடந்திருப்பேன். காலையில் கடையில் நைனா வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. முடியைக் காப்பாற்றப் போய், பெற்றவரைச் சாகடித்துவிட்டு வந்திருக்கிறேன். திரும்பி ஓடி அதே பஸ்ஸில் ஏறினேன். இந்தத் தடவை டிக்கெட் கேட்டு வந்தவரிடம் எண்பது பைசாவை நீட்டி, எல்லாரும் கேட்கும்படியாகவே உண்மையைச் சொன்னேன்.

அவர் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "உன் தலை வழுக்கைன்னு எனக்குத் தை மாசமே தெரியும். பஸ்ஸுல காத்தடிக்காதா? அக்காகிட்டயும் பொண்ணுகிட்டயும் அப்பவே சொல்லிட்டேன். அவங்க பரவால்லன்னாங்க" என்றார். "இத நான் போயி சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு."

நாலேகாலுக்கு செஞ்சி. பெண்ணின் அப்பா முன்னால் நின்று சொன்னேன். உள்வாசலில் அந்தப் பெண் நின்றாள். அப்போதுதான் அவளை முதன்முதலாகப் பார்க்கிறேன். அவள் என் தலையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தாள். அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

"முடி இல்லன்னு தெரிஞ்சிதான் ஒத்துக்கினோம்" என்றார் அவள் அப்பா. "பெத்த அப்பன் செத்துட்டாரான்னு கேட்டா தலையக் குனியறவன், நாளைக்கு என் பொண்ணுக்கு ஒண்ணுன்னா இன்னா பண்ணுவ? போய்ட்டு வா." சம்பந்தம் முறிந்தது என்று புரிந்தது. ஐந்தரை பஸ் ஏறி ஊர் வந்தேன்.

வீட்டில் நைனா என் தலையைப் பார்த்துப் பதறி, "யாருக்குடா இன்னா ஆச்சு?" என்றார். அவர் காலடியில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்லி அழுதேன். அடிப்பார் என்று நினைத்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "எனக்கு எத்தினி வயசுன்னு சொன்ன?" என்றார்.

"அறுபது."

"அம்பத்தெட்டுதாண்டா ஆவுது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கேட்டிருந்த தம்பிகளுக்கு: தைலத்தை நாற்பத்தெட்டு நாளும் தேய்த்தேன். இருந்த இடத்தில் முடி முளைத்தது, இல்லாத இடத்தில் இல்லை. வட்டமாகத் திட்டுத் திட்டாகப் போயிருந்தால் அது புழுவெட்டு, உடனே டாக்டரைப் பாருங்கள். அப்பன் மாமன் வழியில் வருவதென்றால் அவசரப்பட்டுக் கண்டதையும் தேய்க்காதீர்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் இந்த வருஷம் எடுத்த படத்தை அனுப்புங்கள். செலவில்லாத வைத்தியம் அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாவது செஞ்சிப் பயணமும் ஒன்று உண்டு. அதில் நான் போகவில்லை. மறுநாள் காலை ஆறேகால் பஸ்ஸில் நைனா கிளம்பினார். அங்கே நடந்ததைத் தாய்மாமன் பிறகு எனக்குச் சொன்னார். நைனா பெண் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இவ்வளவுதான் பேசினாராம்:

"அவன் சாவடிச்சது என்னை. எனக்கே அவன்மேல கோவம் இல்ல. உங்களுக்கு இன்னாத்துக்குங்க?"

மதியம் திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஆவணில போலாம். அதுக்குள்ள மீசைய வளரவுடு" என்றார்.