மடிப்புக் கோட்டில் ஒரு மேடு

அப்பா எலிக்காய்ச்சலில் போனார். அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை அவருக்கு. கண் மஞ்சளித்ததும் காமாலை என்று நினைத்து வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது. முதலிலேயே வந்திருந்தால் சாதாரண ஊசி போதும் என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நின்றதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் படிகங்களோடு மாரடிக்கிறவள். அப்பா போனபின், அந்தக் காய்ச்சல் கிருமியின் புரதம் ஒன்றை ஆய்வுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதைப் படிகமாக்கி, மருந்தாகக்கூடிய ஒரு மூலக்கூறில் ஊறவைத்து, எக்ஸ்ரே படங்கள் எடுத்தேன். மூலக்கூறு புரதத்தில் ஒட்டியிருந்தால், கணக்குப் போட்டு வரும் வரைபடத்தில் ஒரு மேடு தெரியும். தெரிந்தது. தலைகால் புரியாமல் அம்மாவுக்கு போன் செய்து, "ஒட்டியிருக்கும்மா" என்றேன்.

அம்மா அடுத்த ஞாயிறே கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டாள். நம் சபைப் பிள்ளை எலிக்காய்ச்சலுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டது என்று போதகர் அறிவித்தாராம்.

அப்பாவின் முதலாண்டு நினைவு ஜெபத்துக்கு ஊருக்கு வந்தேன். வந்ததுமே பக்கத்து வீட்டு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமாவுக்கும் அதே காய்ச்சல். மெடிக்கல் காலேஜில் டயாலிசிஸில் கிடந்தார்.

"மக்கா, ஒனக்க மருந்து அங்க கெடைக்குமா?"

"அது மருந்தாக வருஷக்கணக்காகும் மாமி."

"இருக்குல்லா? அது போதும்."

ஜெபத்தன்று காலை, வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளறையில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். அந்த மேடு இருந்த இடம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் மென்பொருளில் பொத்தானை அழுத்தினால் எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்யும். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்காது. அதையே பைதான் என்ற நிரல்மொழி வழியாக ஓட்டினால் ஒவ்வொரு முடிவையும் நாம் எழுதிக் கொடுக்கலாம். புரதத்தின் இரண்டு பாதிகளும் அச்சாக ஒன்றேதான் என்று முதல் தடவை மென்பொருள் தானாக முடிவுகட்டி, இரண்டையும் சேர்த்திருந்தது. தாளை மடித்தால் மடிப்பில் அழுக்குச் சேர்வதுபோல, அப்படிச் சேர்க்கும்போது நடுக்கோட்டில் பொய் மேடு எழுவதுண்டு. என் மேடு சரியாக அந்தக் கோட்டில்தான் இருந்தது.

பாதிகளைத் தனித்தனியே கணக்கிடச் சொல்லிச் சில வரிகள் எழுதி ஓடவிட்டேன். மேடு இல்லை. மோசமான படங்களை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். அப்போதும் இல்லை. வெளியே சமையல்காரர் தேங்காய் போதாது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் பாட்டு முடிந்ததும் போதகர் என் பக்கம் திரும்பி, "கர்த்தர் செய்த நன்மையப் பத்திப் பிள்ள ஒரு சாட்சி சொல்லட்டு" என்றார். அம்மா முகமெல்லாம் சிரிப்பு. முன் வரிசையில் மாமி.

எழுந்து நின்றேன். "மருந்து ஒட்டல. ஒட்டியிருக்குன்னு நான்தான் தப்பா நெனச்சேன். இன்னைக்குக் காலைல நல்லாப் பாத்தேன், இல்ல."

போதகர் அடுத்த பாட்டை எடுத்தார். பிறகு, சோறு விளம்பும் இடத்தில் அம்மா என் காதருகே வந்து, "ஏட்டி, அப்பாக்க ஜெபத்துலயா இதச் சொல்லணும்?" என்றாள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. உள்ளறைக்குப் போய்விட்டேன்.

எல்லோரும் போனபின் மாமி அறைக்குள் வந்தாள். சாப்பிட்டிருக்கவில்லை.

"வேற எங்கயாவது ஒட்டிருக்கான்னு பாரு மக்கா. நான் இருக்கேன்."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இல்லை என்று தெரிந்தே மறுபடி ஓடவிட்டேன். திரையில் எழுத்துகள் வரிவரியாக ஓடின. அதைப் பார்த்துக்கொண்டே மாமி வாய்க்குள் ஜெபித்தாள். ஓடி நின்றது. நான் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். எங்கும் மேடு இல்லை.

"முடிஞ்சுதா மக்கா?"

"இல்ல மாமி. இன்னும் ஓடுது."